குதிரைகளை அவிழ்த்துவிட்ட வெள்ளிக்கிழமை

மழைக்காலம் வந்தால் மற்ற வீடுகளில் விறகை நனையாமல் எங்கே அடுக்குவது, துணியை எங்கே காயப்போடுவது என்று பேசிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். குதிரைகளை இன்றைக்கு அவிழ்த்து விடுவதா, அடைத்து வைப்பதா? ஐப்பசி பிறந்த நாளிலிருந்து கார்த்திகை முடிகிற வரை, விடிந்தும் விடியாமலும் வாப்பாவும் சாச்சாவும் கொல்லையில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்து இதைத்தான் வழக்காடுவார்கள். வாப்பா என் தகப்பனார். சாச்சா அவருடைய தம்பி. இரண்டு பேரும் குதிரை வண்டிக்காரர்கள்.

என் வயசுக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். திருநெல்வேலியிலிருந்து ஸ்ரீவைகுண்டம் போகிற வழியில் எந்த ஊரில் ரயிலை விட்டு இறங்கினாலும், முதலில் மூக்கில் ஏறியது குதிரை லத்தியும் நனைந்த புல்லும் கலந்த வாடைதானே? ஏறி உட்கார்ந்ததும், முன்னால் வாங்க, பின்பாரமா இருக்கு என்று வண்டிக்காரர் நம்மை நகர்த்தி நகர்த்தி உட்கார வைப்பார். குண்டாக இருக்கிறவர்களுக்கு அது பெரிய மானக்கேடு. அந்த வண்டிகளில் நீங்கள் சிறு பிள்ளையாக உட்கார்ந்து வந்திருந்தால், உங்கள் காலடியில் கிடந்த புல்லைப் பரப்பி, மேலே சாக்கு விரித்தது நானாகக்கூட இருக்கலாம். பள்ளிக்கூடம் போவதற்கு முன் எனக்கு அதுதான் வேலை. என் பாவாடையில் அந்த வாடை போகவே போகாது. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பொத்துவாள். நான் வேண்டுமென்றே இன்னும் நெருங்கி உட்காருவேன்.

எங்களிடம் நாலு குதிரைகள் இருந்தன. வெள்ளச்சி என்கிற பெட்டைக் குதிரைதான் வீட்டுக்கு ராணி. செவலை கோபக்காரன், சட்டைப் பொத்தானைக் கண்டால் கடித்து இழுப்பான். குட்டையன் மட்டக்குதிரை, ஆனால் தன்னை யானை என்று நினைத்துக்கொண்டிருந்தது. நாலாவது கிழவன். அது வண்டி இழுப்பதை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது. விற்றுவிடச் சொன்னவர்களிடம் வாப்பா, உன் வாப்பாவை நீ வித்துட்டியா என்று கேட்டுவிடுவார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

வண்டி ஓட்டம் முடிந்ததும் குதிரைகளை ஆற்றில் குளிப்பாட்டி, கரையோரத்துப் படுகையில் மேய விடுவது வழக்கம். படுகை என்றால் ஆறு ஒதுங்கிப் போன தாழ்ந்த நிலம். அறுகம்புல் மெத்தையாகக் கிடக்கும். அதை ஒட்டி ஒரு அண்ணாச்சியின் வாழைத்தோட்டம் இருந்தது. வாழைக்கன்று என்றால் குதிரைக்கு அல்வா. அதனால் முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கயிற்றால் தளை போட்டுத்தான் மேய விட வேண்டும் என்பது அண்ணாச்சியோடு ஏற்பட்ட ஒப்பந்தம். தளை போட்ட குதிரை தத்தித் தத்தித்தான் நகரும், ஓட முடியாது. அண்ணாச்சி சைக்கிளில் போகும்போதெல்லாம் கரையில் ஒரு காலை ஊன்றி நின்று, "என்ன பாய், தளை போட்டாச்சா வே?" என்று கேட்காமல் போக மாட்டார்.

வெயில் காலத்தில் இதில் ஒரு சிக்கலும் இல்லை. மழை வந்தால்தான் வழக்கு ஆரம்பிக்கும்.

"காக்கா, காத்து கெழக்க இருந்து வருது. நாலு தூத்தல் போட்டுட்டுப் போயிரும். அவுத்து விடுதேன்" என்பார் சாச்சா. அண்ணனை எங்கள் வீடுகளில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மலையப் பாத்தியாலே? கறுத்துக் கெடக்கு. நனைஞ்சு வந்து நாளைக்கு வயித்து நோவுல உருண்டுதுன்னா, நீயா வண்டி இழுப்பே?"

"அடைச்சு வச்சா மட்டும் உருளாதோ? நின்ன எடத்துலயே நின்னா காலு வீங்கிப் போவும். குதிரைக்குக் கூரை எதுக்குன்னேன்? அல்லா தோலக் குடுத்திருக்கான்."

"உனக்கும்தான் தோலக் குடுத்திருக்கான். நீ போய் மழையில நில்லேன், பாப்பம்."

இதற்குள் உம்மா, என் தாய், வாளியும் விளக்குமாறுமாக வந்து நிற்பாள். "ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டுச் சொல்லுங்க. உள்ள கட்டினா லத்தி அள்ளப் போறது நான்தானே." உம்மாவின் கட்சி எது என்று யாரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. குதிரைக்குக் காணம், அதாவது கொள்ளு, வேகவைப்பதும், கொட்டடி பெருக்குவதும், அறுந்த வாரைத் தைப்பதும் எல்லாம் உம்மாதான். ஆனால் அவள் ஒரு குதிரையைப் பிடித்து நாலு எட்டு நடத்திக்கூட்டிப் போய் நான் பார்த்ததில்லை. அது ஆம்பிளைகளின் காரியம்.

அந்தக் காணம் வேகிற வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெரிய செம்புப் பானை, வாய் ஓரம் நெளிந்தது. மழை நாளில் அது கொதிக்கும்போது வீடே சூடாகிவிடும். வெந்ததில் ஒரு கை அள்ளி, கருப்பட்டித் துண்டு ஒன்றும் வைத்து உம்மா எனக்குத் தருவாள். குதிரையின் பங்கைத் தின்கிறோம் என்பதே அதன் ருசி. அந்தப் பானை பிறகு எங்கே போனது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் சாச்சா ஜெயித்து, மழையிலேயே குதிரைகளைப் படுகையில் விட்டிருந்தார். சாயங்காலம் திருப்பிக் கூட்டிவரப் போனபோது நானும் கூடப் போனேன், தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு. எதிரே கை நீட்டினால் கை தெரியாத மழை. பக்கத்திலேயே பெரிய மருத மரம் நின்றது. குதிரைகள் அதன் அடிக்குப் போகவில்லை. வெட்டவெளியில், நாலும் காற்றுக்கு முதுகைக் காட்டி, தலையைத் தாழ்த்தி, ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் நின்றன. முதுகில் விழுந்த தண்ணீர் வால் வழியாக ஒரே தாரையாக இறங்கியது. ஒரு காது கூட அசையவில்லை. வீட்டில் பொத்தானைக் கடிக்கிற செவலையா இது என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

"ஏன் சாச்சா மரத்தடிக்குப் போவல?" என்று கேட்டேன்.

"எனக்கென்னளா தெரியும்? அதுககிட்டக் கேளு" என்றார் சாச்சா. அவரும் அசையாமல்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வருஷம்தான் வாப்பா புதுக் கொட்டடி கட்டினார். வெள்ளச்சி சினையாக இருந்தது. முதல் தடவை சினை பிடித்து, அது ஒரு மழைக்காலத்தில் கலைந்துபோயிருந்தது. அந்த நாளில் வாப்பா இரண்டு வேளை சாப்பிடவில்லை என்று உம்மா சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை குட்டியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வெறி அவருக்கு. பழைய ஓலைக் கொட்டகையைப் பிரித்துவிட்டு, செங்கல் சுவர் எழுப்பி, மேலே தகரம் போட்டு, கெட்டிப் பலகையில் கதவு வைத்து, வெளியே இரும்புத் தாழ்ப்பாளும் போட்டார். இடம், வீட்டுக்குப் பின்னால் ஆற்றுப் பக்கமாகச் சரிகிற பள்ளம். குளிப்பாட்டக் கூட்டிப்போக வசதி என்பது அவர் கணக்கு. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கதவைத் தட்டிப் பார்த்து, சுவரைத் தடவிப் பார்த்து, அரமனை மாதிரி இருக்கு பாய் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கொட்டடி எந்தப் பள்ளத்தில் நிற்கிறது என்று ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. மனிதர்களுக்கு எது வசதியோ அதைத்தான் நாங்கள் எல்லாரும் பார்த்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

தகரத்தைப் பற்றி மழை வந்த பிறகுதான் தெரிந்தது. தூறல் விழுந்தாலே உள்ளே பேச்சுக் கேட்காது. கனமழை என்றால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்துவிடத் தோன்றும். குட்டையன் சுவரை உதைத்து உதைத்துப் பின்னங்காலைக் காயப்படுத்திக்கொண்டது. செவலை பொத்தானை விட்டுவிட்டுப் பலகையைக் கடித்தது. வெள்ளச்சிக்கு அந்தக் குளிரிலும் விலாவெல்லாம் வேர்த்திருக்கும். "பழகிரும்" என்பார் வாப்பா. சாச்சா கூட அதில் வாய் திறக்கவில்லை. வாப்பாவின் ஆசை முழுவதும் அந்தத் தகரத்துக்குக் கீழே இருந்தது. அதில் குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

அடைமழை பிடித்தது. நாலு நாள், ஐந்து நாள் என்று போய்க்கொண்டே இருந்தது. ரயில்கள் நேரம் தவறி வந்தன, சவாரி குறைந்தது, குதிரைகள் கொட்டடியை விட்டு வெளியே வருவதே அபூர்வமாகிவிட்டது. அப்படியிருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தெருவில் தப்படித்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். மலையில் அணை நிரம்பித் தண்ணீர் திறக்கிறார்களாம், ஆற்றில் யாரும் இறங்க வேண்டாமாம். வருஷா வருஷம் சொல்வதுதான். ஆற்றங்கரைக்காரர்களுக்கு அது பால்காரன் மணி போல. யாரும் தலையைக்கூடத் திருப்பவில்லை.

ஆனால் எங்கள் கொல்லையில் வழக்கு அன்றைக்கு முற்றிவிட்டது.

"காக்கா, வெள்ளச்சி நேத்து ராத்திரி கொஞ்சங்கூடப் படுக்கல. அந்தச் சத்தத்துலயே குட்டி கலைஞ்சிரும். இன்னைக்கு ஒரு பொழுதாவது படுகையில விடுவோம்."

"படுகைப் பக்கம் பேச்சே எடுக்காத. வழுக்கி விழுந்தா குட்டியும் இல்ல, தாயும் இல்ல."

"தளை போட்டுத்தான விடுதோம்? ஓடவா போவுது?"

"நான் உசுரோட இருக்கது வரைக்கும் சினைக் குதிரைய மழையில விட மாட்டேன். போதுமாலே?"

சாச்சாவின் முகம் சுருங்கிப் போனது. இரண்டு பேரும் குளித்து, வெள்ளை உடுத்தி, தொப்பி வைத்துக்கொண்டு ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பினார்கள். வாப்பா வாசல் வரை போனவர் திரும்பி வந்து, தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு உம்மாவிடம் சொன்னார்.

"நான் வாரது வரைக்கும் யாரு சொன்னாலும் இந்தக் கதவத் தொறக்கக் கூடாது. என்ன?"

"சரி" என்றாள் உம்மா.

சண்டைக்காரர்கள் இருவருக்கும் இருந்தது ஒரே குடை. மூஞ்சியை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டு, தோளோடு தோள் உரச அவர்கள் போனதைப் பார்த்து நான் சிரித்தேன். பள்ளிவாசல், எங்கள் தெருவுக்கும் ஊருக்கும் நடுவே ஓடுகிற வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் மழை சட்டென்று விட்டது. வெளிச்சம் ஒரு மாதிரி மஞ்சளாக இருந்தது. கோழிகள் எல்லாம் சுவர்மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. உம்மா கொல்லைப் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கொல்லைச் சுவரில் தண்ணீர் வெளியே போக ஒரு தூம்பு உண்டு. அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், கலங்கலாக, வாழைச்சருகு ஒன்றையும் சுமந்துகொண்டு வந்தது.

தெருவில் சத்தம் கேட்டது. தலையாரி ஓடிக்கொண்டே கத்தினார். "வாய்க்கா ஒடைச்சிட்டு. ஆறும் கரைக்கு மேல வருது. எல்லாரும் ஸ்டேஷன் மேட்டுக்குப் போங்க." வாய்க்கால் உடைத்துக்கொண்டது என்றால் பள்ளிவாசலுக்குப் போன ஆம்பிளைகள் யாரும் இந்தப் பக்கம் வர முடியாது என்று அர்த்தம். தெருவில் இருந்ததெல்லாம் பெண்களும் பிள்ளைகளும் நடக்க முடியாத கிழங்களும்தான். பக்கத்து வீட்டு மாமி இடுப்பில் பிள்ளையும் தலையில் மூட்டையுமாக எட்டிப் பார்த்தாள்.

"என்ன நிக்கிற? பிள்ளையக் கூட்டிட்டுக் கெளம்பு. மிருகத்துக்கு நீந்தத் தெரியும். மொதல்ல ஆளு போய்ச் சேரணும்."

உம்மா கொட்டடிக் கதவுக்கு முன்னால் நின்றாள். பள்ளத்தில் தண்ணீர் அதற்குள் அவள் கணுக்காலை மூடிவிட்டது. உள்ளே செவலை பலகையை உதைக்கிற சத்தம் கேட்டது. நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"உம்மா, வாப்பா தொறக்கக் கூடாதுன்னு சொன்னாவ."

"தெரியும்ளா" என்றாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். வாப்பாவின் சொல்லை அவள் மீறி நான் பார்த்ததில்லை. திறந்துவிட்டு, குதிரைகள் வெள்ளத்தில் போய்விட்டால் அந்தக் கதவைத் திறந்தவள் அவள்தான். திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பது தண்ணீரைப் பார்த்த எனக்கே தெரிந்தது. அவள் அல்லாவின் பெயரால் என்று பிஸ்மி சொல்லி இரும்பை இழுத்தாள்.

கட்டுக்கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். செவலையின் முடிச்சை நான் அவிழ்த்தேன். அவிழ்த்தால் ஓடிவிடும் என்றுதான் நினைத்தோம். ஒன்று கூட நகரவில்லை. உம்மா விளக்குமாற்றால் முதுகில் போட்டு விரட்டினாள். மூன்று குதிரைகள் கொல்லைக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதே கதவு வழியாக உள்ளே வந்து, அவரவர் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டன. கிழவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி விரட்டினாள், மறுபடி வந்தன. அந்தத் தகரத்தை அவ்வளவு வெறுத்த பிராணிகள், பயம் வந்ததும் அதற்குள்ளேயே வந்து ஒண்டின.

"போங்களேன். போய்த் தொலைங்களேன்" என்று உம்மா அழுதாள். விளக்குமாறு அவள் கையிலிருந்து நழுவி மிதந்து போனது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, சேணமும் வாரும் தொங்குகிற ஆணியைப் பார்த்தாள். என்னிடம் கேட்டாள், "ஏளா, காலைல வண்டி பூட்டும்போது வாப்பா எத மொதல்ல மாட்டுவாவ?"

"கழுத்துச் சலங்கைய" என்றேன்.

அந்தச் சலங்கை வாரை உம்மா எத்தனையோ தடவை தைத்திருக்கிறாள், எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறாள். குதிரையின் கழுத்தில் போட்டதில்லை. எடுத்ததும் அது குலுங்கியது. நாலு தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. வெள்ளச்சி உம்மாவுக்கு எட்டுகிற மாதிரி கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தது. அடுத்து என்ன, அடுத்து என்ன என்று அவள் கேட்கக் கேட்க நான் சொன்னேன். கடிவாளம், பிறகு கண்ணுக்கு இரண்டு பக்கமும் மறைக்கிற கண்பட்டை. கடைசி வாரை இழுத்துக் கட்டினதுதான் தாமதம், வெள்ளச்சி திரும்பிக் கதவைத் தாண்டி நடந்தது. பயந்து ஓடவில்லை. காலையில் முதல் ரயிலுக்குப் போகிற நடை. மற்ற இரண்டும் சலங்கைச் சத்தத்துக்குப் பின்னால் போயின. கிழவன் கூட அசைந்தது. உம்மா என்னைத் தூக்கி அதன் முதுகில் போட்டாள். துப்பட்டியை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு, தண்ணீரை எத்திக்கொண்டு முன்னால் ஓடி வெள்ளச்சியின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தாள்.

தெருமுனையில் வலது பக்கம் போனால் ஆறு, இடது பக்கம் ஸ்டேஷன். வெள்ளச்சி இடது பக்கம் திரும்பியது. அதற்கு ஆறு தெரிந்திருக்காது, கண்பட்டை மறைத்திருக்கும். நான் கிழவனின் முதுகில் உயரமாக உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரிந்தது. அதுவரை ஆறு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது ஆற்றின் ஒரு ஓரத்தைத்தான். கரை இல்லை, படித்துறை இல்லை, படுகை இருந்த இடமே இல்லை. அண்ணாச்சியின் வாழைகள் உச்சிக் குருத்து மட்டும் தெரிய நின்று, ஒவ்வொன்றாகச் சாய்ந்து போயின. அந்த மருத மரத்தின் பாதி உயரத்துக்குச் செம்மண் நிறத் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. சத்தம் காதில் கேட்டதைவிட, கிழவனின் முதுகு வழியாக என் தொடையில் அதிர்ந்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணை மூட மனமில்லை. இவ்வளவு பெரிதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா இத்தனை நாள் தூங்கி எழுந்தோம் என்று இருந்தது.

சாச்சா சொன்னபடி காலையில் தளை போட்டுப் படுகையில் விட்டிருந்தால், அந்தத் தண்ணீர் முதலில் அவற்றைத்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கும். வாப்பா சொன்னபடி அடைத்தே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆண்டாண்டாக வழக்காடிய இரண்டு பேரில் அன்றைக்கு ஒருத்தர் கட்சியும் சரியில்லை. இதை யோசிக்க எனக்கு எத்தனையோ வருஷம் பிடித்தது.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு தரைப்பாலம் உண்டு. அதன்மேல் தண்ணீர் குறுக்கே பாய்ந்துகொண்டிருந்தது. வெள்ளச்சி அங்கே நின்றுவிட்டது. முன்னங்காலால் தண்ணீரைத் தட்டிப் பார்த்தது. வயிறு தண்ணீரில் உரசியது. பின்னால் எல்லாம் நின்றன. அப்போது உம்மா நாக்கை அண்ணத்தில் ஒட்டி டொக், டொக் என்று சொடுக்கினாள், வண்டிக்காரர்கள் சொடுக்குவது போல. அவளுக்கு அது வரும் என்று எனக்குத் தெரியாது. அடுப்படியில் இருந்துகொண்டே எத்தனை வருஷம் கேட்டிருப்பாளோ. வெள்ளச்சி காது இரண்டையும் அவள் பக்கம் திருப்பியது. பிறகு ஒவ்வொரு குளம்பாக ஊன்றி ஊன்றி இறங்கியது. நடுவில் உம்மா இடுப்பளவு தண்ணீரில் சலங்கை வாரைப் பிடித்துத் தொங்கினாள். யார் யாரைக் கூட்டிப்போனார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. செவலை ஒரு தடவை சறுக்கி, எம்பி, நிமிர்ந்துகொண்டது. கிழவன் கடைசியில், என் கால் முட்டு வரை நனைய, வழி தெரிந்த ஆள் போல அந்தப் பக்கம் ஏறியது.

ஸ்டேஷன் மேட்டில் தெருவே கூடியிருந்தது. பிளாட்பாரம் முழுக்கப் பெண்கள், பிள்ளைகள், ஆடுகள், மூட்டைகள். எங்களைப் பார்த்ததும் ஒதுங்கி வழி விட்டார்கள். வெள்ளச்சி யாரையும் பார்க்காமல் சரிவில் ஏறி, வாகை மரத்துப் பக்கம் வண்டிகள் நிற்கிற இடத்துக்குப் போய் நின்றது.

அங்கே வண்டிகளுக்கு ஒரு முறை உண்டு, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முதலில் வந்த வண்டி முன்னால்; அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக. முந்தினால் சண்டைதான். அன்றைக்கு வண்டி இல்லை, வண்டிக்காரர் இல்லை, ரயிலும் இல்லை. வெள்ளச்சி முதலில் நின்றது. அதற்குப் பின்னால் ஒரு வண்டி நிற்கிற அளவு இடம் விட்டுச் செவலை நின்றது. அதற்குப் பின்னால் அதே அளவு இடம் விட்டுக் குட்டையன். கிழவனும் என்னை முதுகில் வைத்துக்கொண்டே, ஒரு வண்டி நீளம் தள்ளி, கடைசியில் போய் நின்றது. இல்லாத வண்டிகளுக்கு இடம் விட்டு நாலு குதிரைகள் வரிசையாக நின்றன. கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் பிளாட்பாரத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

மறுபடி மழை பிடித்தது. காற்று நேராக முகத்தில் அடித்தது. வெட்டவெளியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கிற பிராணிகள், இங்கே ஒன்றும் திரும்பவில்லை. ஸ்டேஷன் வாசலைப் பார்த்தபடியே, மழையை முகத்தில் வாங்கிக்கொண்டு நின்றன. ஏனென்று தெரியாமல் எனக்கு அழுகை வந்தது. அவை அப்படி நின்றதைப் பழக்கம் என்று சொல்லலாம், அறிவு என்றும் சொல்லலாம். நான் இத்தனை வயசுக்கு அதற்கு ஒரு பெயர் வைக்காமலேதான் இருக்கிறேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வடக்கத்திப் பக்கத்துக்காரர், எப்போதும் கடுகடுவென்று இருப்பார். குதிரைகளையும் இடைவெளிகளையும் ஒரு முறை பார்த்தார்.

"வண்டியெல்லாம் எங்கம்மா?" என்று உம்மாவிடம் கேட்டார்.

"வண்டி வரல, ஐயா. இதுக மட்டுந்தான் வந்திருக்கு."

"அடுத்த ஸ்டேஷன் பக்கம் லைன்ல தண்ணி. இன்னிக்கு ரயில் எதுவும் கிடையாது" என்றார். குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "யாராவது அதுங்ககிட்ட சொல்லுங்களேன்" என்றார். ஒரு பெண் சிரித்தாள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அழுதவர்களும் இருந்தார்கள். அவரே போய்க் கூட்ஸ் கொட்டகையைத் திறந்துவிட்டு, வெள்ளச்சியை உள்ளே கட்டச் சொன்னார். உம்மா கயிற்றைப் பிடித்துக் கூட்டினாள். அது வரவில்லை. இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, நிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். வெள்ளச்சிக்கு அந்த நனைச்சலால் ஒன்றும் ஆகவில்லை. தை மாதம் நல்ல வெயிலில் குட்டி போட்டது, நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு.

வாப்பாவும் சாச்சாவும் தண்டவாளத்தின் மேலேயே நடந்து, ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். உடைப்பைத் தாண்ட முடியாமல், ரயில் பாதை மேட்டைப் பிடிக்க வெகு தூரம் போயிருக்கிறார்கள். அந்த மேட்டிலிருந்து பார்த்தால் எங்கள் கொல்லை தெரியும். சுவர் இடிந்து, புதுத் தகரம் தண்ணீரின் மேல் தட்டையாகக் கிடந்ததைத்தான் வாப்பா பார்த்திருக்கிறார். சாச்சாவின் கையில் கம்பி முறிந்த குடை இருந்தது. வாப்பாவின் காலில் ஒரு செருப்புதான் இருந்தது, தொப்பியைக் காணவில்லை.

முதலில் என்னைப் பார்த்தார். கிழவன் மேலிருந்து இறக்கி, என் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார். பிறகு வரிசையாக ஒவ்வொரு குதிரையாகக் கை வைத்துக்கொண்டே முன்னால் போனார். வெள்ளச்சியிடம் போனதும் குனிந்து அதன் வயிற்றில் காதை வைத்தார். உம்மா மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். பிளாட்பாரமே அவர்களைப் பார்த்தது.

"நான்தான் தொறந்தேன்" என்றாள் உம்மா. "நீங்க வேண்டாம்னு சொன்னிய."

வாப்பா நிமிர்ந்தார். அவர் சத்தம் போடப் போகிறார் என்று நினைத்து நான் சாச்சாவின் பின்னால் ஒளிந்தேன். அவர் எங்கள் கொல்லை இருந்த பக்கம் கையை நீட்டினார்.

"அந்தத் தகரத்தப் பாத்தேன்" என்றார். "அங்கயிருந்து இங்கன வாரது வரைக்கும் அல்லாகிட்ட ஒரே துஆதான் கேட்டுக்கிட்டு வந்தேன். இன்னைக்கு ஒரு நாளாவது இவ நான் சொன்னபடி நடந்திருக்கக் கூடாதுன்னு."

உம்மா அவரைப் பார்த்தாள்.

"நடக்கல" என்றாள். பிறகு துப்பட்டியின் முனையைப் பிழிந்து, என்னை இழுத்து என் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.